அது விக்கறதுக்கு, இது திங்கறதுக்கு

ஆறாயிரம் கோழி வெச்சிருக்கறவன், வீட்டுக்கு வர்ற ஒறம்பரைக்குக் கொழம்பு வெக்க ஒரு கோழி கெடைக்காம ஊரெல்லாம் அலைஞ்ச கதைய நீங்க எங்கயாச்சும் கேட்டிருக்கறீங்களா? கேட்டிருக்க மாட்டீங்க. அந்தக் கெரகம் எனக்கு மட்டுந்தான் வாய்ச்சுது. பஸ்ஸு கோயமுத்தூரு போய்ச் சேர்ற வரைக்கும் எப்படியும் சும்மாதானே உக்காந்திருக்கோணும். சொல்றேன், கேளுங்க. தூக்கம் வந்தாத் தூங்கிக்குங்க, நானு ஒண்ணும் நெனச்சுக்க மாட்டேன்.

நமக்கு உடுமலைக்குப் பக்கத்துலங்க. பேரு சென்னியப்பன். ரண்டு ஷெட்டுப் போட்டு பிராய்லர் கோழி வளத்தறேன். வளத்தறேன்னா, கோழி என்றதில்லீங்க, கம்பெனியோடது. கம்பெனிக்காரன் குஞ்சு கொண்டாந்து எறக்குவான். தீவனம் அவன், மருந்து அவன். எடமும் தண்ணியும் ஒடம்பும் நம்மளுது. ஒண்ணரை மாசம் ஆச்சுன்னா லாரி வரும், புடிச்சு ஏத்தீட்டுப் போயிருவாங்க. எங்க போகுதுன்னு நானு கேட்டதில்லை. எல்லாம் கேரளாவுக்குன்னு சொல்லுவாங்க. போகட்டும், அவிய நல்லாத் திங்கட்டும்.

நெறையப் பேரு கேப்பாங்க, ஊசி போட்டுத்தானே அதைப் பெருக்க வெக்கறீங்கன்னு. ஏனுங்க, ஆறாயிரம் கோழியப் புடிச்சு ஒவ்வொண்ணா ஊசி குத்த நானென்ன ஆசுபத்திரியா நடத்தறேன்? பெருக்கறதுக்கு ஊசிங்கறது சுத்தப் பொய்யிங்க. அதோட சாதியே அப்படி. தின்னுட்டே இருக்கும், பெருத்துட்டே இருக்கும், கடைசியில அதோட காலே அதைத் தாங்காது. மருந்துன்னு பாத்தா, சளிக்கும் கழிச்சலுக்கும் தண்ணியில கலந்து உடறதுதான். அதுவும் சூப்பர்வைசர் தம்பி தினகரன் சொன்னாத்தான். நானா ஒரு சொட்டு ஊத்தினதில்லை. சொல்லாத வேலைய நானு செய்யவே மாட்டேனுங்க.

வீட்டுல நாங்க அதைத் திங்கறதில்லை. அது சும்மா ஒரு பழக்கம், வேற ஒண்ணும் இல்லீங்க. ஷெட்டுப் போட்ட நாள்ல இருந்து என்ற சம்சாரம் துளசிமணி அந்தக் கறிய அடுப்புல ஏத்தினதில்லை. வீட்டுக்குன்னு தனியா நாட்டுக்கோழி வாசல்ல மேஞ்சுட்டு இருக்கும். கம்பு போட்டா வரும், கூப்பிட்டா வரும். அதுகளுக்கு மட்டும் ஒரு மருந்தும் காட்டவே மாட்டேன். வெட்னரி டாக்டரு ஊருக்கு வந்து, கழிச்சல் நோவு வராம இருக்கச் சொட்டு மருந்து உடறேன், கோழியக் கொண்டாங்கன்னாரு. எல்லாரும் கொண்டு போனாங்க. நானு போகலை. வீட்டுல திங்கறதுக்கு வளத்தறதுக்குப் போய் யாராச்சும் மருந்து குடுப்பாங்களா?

போன வருசம் மாசி மாசத்துல பாருங்க, வெள்ளைக் கழிச்சல் நோவு வந்துது. வாசல்ல இருந்தது அத்தனையும் கழுத்தைத் திருப்பிட்டு உழுந்து போச்சு. ஒண்ணு மிச்சமில்லை. ஷெட்டுல இருந்த ஆறாயிரமும் கல்லாட்ட நின்னுட்டு இருக்குது. இதுக்கு என்ன ஞாயம் சொல்லுவீங்க?

அந்தச் சமயம் பாத்துத்தான் சம்மந்தி வீட்டுல வாரோம்னு போன் பண்ணினாங்க. ஒரே புள்ளைங்க எனக்கு, இந்துஜா. கோயமுத்தூர்ல குடுத்திருக்கறேன். அப்ப மாசமா இருந்தா. மாப்பிள்ளையோட அப்பா ராமலிங்கம் மின்வாரியத்துல இருந்து ரிட்டையர் ஆனவரு, அம்மா ஜெயமணி. நல்ல மனுசங்க. கண்ணாலம் முடிஞ்ச பொறகு எல்லாரும் சேந்து நம்ம வீட்டுல கை நனைக்க வர்றது அதுதான் மொதல். ஞாயித்துக்கெழமை வர்றாங்க, வெள்ளிக்கெழமை நம்ம வாசல்ல கோழி இல்லை.

துளசிமணிகிட்ட நைசாக் கேட்டேன், ஷெட்டுல இருந்து ரண்டைப் புடிச்சுட்டு வரட்டா, மசாலாவத் தூக்கலாப் போட்டா யாருக்குத் தெரியப் போகுதுன்னு. அவ ஆட்டாங்கல்லுல மாவு ஆட்டறதுக்கு உக்காந்தவ, எந்திரிச்சு என்னையப் பாத்தா. மாசமா இருக்கற புள்ளைக்கு அதைப் போடறதுக்கு நானு வெறுங்கீரையக் கடைஞ்சு போட்டுக்குவேன்னு சொல்லீட்டு மறுக்கா உக்காந்துட்டா. சம்மந்திக்குக் கீரையா? வெளிய தலை காட்ட முடியுமாங்க?

வண்டிய எடுத்துட்டுக் கெளம்பினேன். மேக்கால தோட்டத்துல கேட்டேன், கோழி அடை உக்காந்திருக்குதுன்னாங்க. அதுக்குப் பக்கத்துத் தோட்டத்துல ஒரு சேவல் நல்லா நின்னுது. அது கருப்பராயனுக்கு நேந்து விட்டதுன்னுட்டாங்க. சாமி எனக்கு முந்தியே சொல்லி வெச்சுட்டாரு. சரி, டவுனுக்குப் போயிரலாம்னு போனா, ஒரு கடையில நாட்டுக்கோழின்னு பெருசா போர்டு. உள்ள போய்க் காலைப் பாத்தேன். மண்ணைக் கிளறின காலு வேற, சிமிட்டித் தரையில நின்ன காலு வேறங்க. எல்லாம் எங்கயோ ஷெட்டுல வளத்தின கலர்க் கோழி. இதையா நாட்டுக்கோழிங்கறேன்னு கேட்டா, கடைக்காரன் சிரிக்கறான். என்னையே ஏமாத்தப் பாக்கறான் பாருங்க. சனங்க வாயில போடறதுல இப்படியெல்லாம் கள்ளத்தனம் பண்ணலாமா? அங்கயே நின்னு ஒரு பாட்டம் திட்டீட்டுத்தான் வந்தேன்.

கடைசியா ஒரே ஒரு எடந்தான் பாக்கி. கிட்டுசாமி.

கிட்டுசாமி என்ற பங்காளி. பக்கத்துத் தோட்டம். பேச்சு வார்த்தை இல்லை. என்ற ஷெட்டுல இருந்து ஈ வருதுன்னு சொல்லி ஊரைக் கூட்டிப் பேசினவன். ஏனுங்க, ஈ மேல என்ற பேரா எழுதியிருக்குது? அவன் சோத்துல உக்காந்த ஈயப் புடிச்சு ஒரு பாட்டில்ல போட்டு என்ற கேட்டுல தொங்க உட்டவனுங்க. அப்படிப்பட்டவன் வாசல்ல போய் நின்னேன். கோழியெல்லாம் தென்னைக்கடியில அங்கயும் இங்கயும் மேஞ்சுட்டுக் கெடக்குது. எனக்கு எச்சில் ஊறுது.

கோழி வேணும்னேன். எதுக்குன்னான். சம்மந்தி வர்றாங்கன்னேன். அவன் ஒரு கட்டிலை எடுத்துப் போட்டு, உக்காருன்னான். உக்காந்தேன். காசெல்லாம் வேண்டாம், ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லீட்டு எடுத்துட்டுப் போன்னான்.

"உன்ற ஷெட்டுல ஆறாயிரம் இருக்குதே சென்னியப்பா, எதுக்குடா இங்க வந்தே?"

கேள்வியப் பாத்தீங்களா? பங்காளின்னா பங்காளிதான். நானு அசரலை. பட்டுன்னு சொன்னேன்.

"அது விக்கறதுக்கு. இது திங்கறதுக்கு."

அவன் சிரிச்சான் பாருங்க. துண்டை வாயில வெச்சுட்டுச் சிரிக்கறான், தரையில உக்காந்துட்டுச் சிரிக்கறான், உள்ள இருந்த அவன் சம்சாரத்தைக் கூப்பிட்டு மறுக்கா என்னையச் சொல்லச் சொல்றான். நானும் சொன்னேன். அந்தம்மாவும் சிரிக்குது. நானென்ன தப்பாச் சொல்லிப் போட்டேன்? துணிக்கடைக்காரன் கடையில இருக்கற சேலையெல்லாம் அவன் பொண்டாட்டிக்கா கட்டி உடறான்? எதுக்குச் சிரிச்சான்னு எனக்கு இன்னிக்கு வரைக்கும் முழுசா வெளங்கலை. ஆனா ஒரு பொட்டையும் ஒரு சேவலும் காலைக் கட்டிக் குடுத்துட்டான். அதைச் சொல்லோணுமில்லீங்க. காசும் வாங்கலை.

ஞாயித்துக்கெழமை வந்தாங்க. துளசிமணி அரைச்சு உட்ட கொழம்பு வாசம் ரோடு வரைக்கும் போகுது. எலை போட்டு உக்கார வெச்சோம். சம்மந்தி ஒரு துண்டை வாயில போட்டு மென்னாரு. மென்னாரு. மென்னுட்டே இருக்கறாரு. ருசி அருமைங்கறாரு, முழுங்க மாட்டேங்கறாரு. சம்மந்தியம்மா நைசாத் துண்டை எலை ஓரத்துக்குத் தள்ளீட்டுக் கொழம்பை மட்டும் ஊத்திப் பெசையுது. மேஞ்ச கோழி, அப்படித்தானுங்க இருக்கும். அந்தச் சேவலைப் புடிக்கவே கிட்டுசாமி தோட்டத்தை ரண்டு சுத்து ஓடினான். எனக்கு மனசே ஒடைஞ்சு போச்சு. இத்தனை அலைஞ்சு, பங்காளிகிட்டச் சிரிப்பு வாங்கி, இவங்க பல்லுக்கு ஏற மாட்டேங்குதே.

அப்பத்தான் சம்மந்தியம்மா பேச்சுவாக்குல சொன்னாங்க, அவங்க வீட்டுல வாங்கறது பஞ்சாட்ட வெந்துருமாம். ஞாயித்துக்கெழமை ஆனாக் கோழிதானாம். புள்ளைக்குச் சத்துப் பத்தலை, முட்டையும் கோழியும் நல்லாக் குடுங்கன்னு டாக்டரம்மா சொன்னதுல இருந்து புதன்கெழமையும் வாங்கறாங்களாம். கண்ட கடையிலயும் வாங்கறதில்லையாம். பெரிய கம்பெனி, கழுவிக் கவர்ல போட்டு வீட்டுக்கே கொண்டாந்து குடுக்கறாங்களாம். சொன்னதோட உடலை. போன்ல கவரோட படத்தை எடுத்துக் காட்டினாங்க.

மஞ்சக் கலர்ல ஒரு சேவல், தலைக்கு மேல சூரியன்.

அந்தச் சேவல் மேலதானுங்க நானு தெனமும் உக்காந்து காப்பி குடிக்கறேன். நம்ம தீவன மூட்டையில இருக்கற அதே படம். சம்மந்தி வேற எடுத்துக் குடுக்கறாரு, கோழியெல்லாம் உடுமலைப் பக்கத்துப் பண்ணைகள்ல இருந்துதான் வருதாமுங்க, உங்க பக்கந்தான் சம்மந்தின்னு. பெருமையாச் சொல்றாரு.

எனக்குக் கையில எடுத்த சோறு கையிலயே நின்னுபோச்சு. என்னத்தைச் சொல்லுவேன்? அதுக்கு முந்தின பேட்ச்சுலதான் கோழிக்கெல்லாம் சளி. கொறட்டை உட்டுட்டுக் கெடந்துது. லாரி வர்றதுக்கு ஒரு வாரம் இருக்கறப்பவே மருந்தை நிறுத்திப்போடோணும், இல்லீன்னாக் கறியிலயே தங்கிரும், அதுதான் மொறை. தினகரன், நிறுத்தினாச் செத்துரும், வண்டி வர்ற வரைக்கும் ஊத்துங்கன்னுட்டான். ஊத்தினேன். வண்டி வந்த அன்னிக்கு வெடியாலயும் ஊத்தினேன். சொன்னதைத்தானே செஞ்சேன்? நானு நெனச்சுட்டு இருந்த லாரி மலையேறிக் கேரளாவுக்குப் போயிட்டு இருந்துதுங்க. அது அப்படியே திரும்பி வந்து என்ற புள்ள வீட்டு வாசல்ல நின்னாப்பல இருந்துது.

இந்துஜாவப் பாத்து, "சாமி, அந்தக் கோழியத் திங்காதே"ன்னு சொல்லிப்போட்டேன். வாயில இருந்து தானா வந்துருச்சு.

எல்லாரும் நிமுந்து பாத்தாங்க. ஏனுங்க, அதுல என்ன இருக்குதுன்னு சம்மந்தி கேட்டாரு. நானு என்ன சொல்றது? அதை வளத்தறவனே நாந்தானுங்கன்னு சொல்ல முடியுமா? சொல்லாம உட்டாப் புதன்கெழமை மறுக்கா வாங்கிப் போடுவாங்க. அப்படியும் இப்படியும் ரோசனை பண்ணி, அது சூடுங்க, மாசமா இருக்கற புள்ளைக்குச் சூடு ஆகாதுன்னேன். நல்ல சமாளிப்புத்தான். சம்மந்திகூடத் தலையாட்டீட்டாரு.

இந்துஜா மட்டும் என்னையவே பாத்துட்டு இருந்தா. அந்த ஷெட்டுக்குப் பக்கத்துல வளந்த புள்ளைங்க. அவளுக்கு என்ன தெரியாது?

"அப்பா, அந்தச் சூடு எனக்கு மட்டுமா, இல்ல மாமாவுக்கும் அத்தைக்கும் சேத்துங்களா?"

கேட்டது மெதுவாத்தான் கேட்டா. நானு தண்ணி எடுத்துக் குடிச்சேன். மோருச் சட்டியத் தேடினேன். அப்ப சமையக்கட்டுக்குள்ள இருந்து துளசிமணி சொன்னா, "எல்லாருக்குந்தான்."

அவ்வளவுதான். கரண்டியக்கூட கீழ வெக்கலை. இத்தனை வருசம் அடுத்தவிய முன்னால ஷெட்டைப் பத்தி ஒரு வார்த்தை பேசாதவ, பேசறதுக்கு அந்த நேரந்தான் கெடைச்சுது.

சம்மந்தி நல்ல மனுசன்னு சொன்னேனில்லீங்க. எலைய மூடி எந்திரிச்சுக் கையக் கழுவீட்டு, வாங்க சம்மந்தி, பண்ணையப் பாத்துட்டு வரலாம்னாரு. சண்டை இல்லை, சத்தம் இல்லை. அதுதான் எனக்கு ரொம்பப் பயமாப் போச்சு. வலைக்குப் பக்கத்துல போய் நின்னாரு. மின்வாரியத்துக்காரர் பாருங்க, கோழியப் பாக்கறதுக்கு முந்தி பல்பைப் பாத்தாரு. ராத்திரியெல்லாம் எரியுமான்னாரு. எரியும், எரிஞ்சாத்தான் அதுக தின்னுட்டே இருக்கும்னேன். அப்ப எப்பத்தான் தூங்கும்னு கேட்டாரு.

அந்தக் கேள்விய எங்கிட்ட யாரும் கேட்டதில்லீங்க. கம்பெனியில தீவனம் எவ்வளவுன்னு கேப்பாங்க, எடை எவ்வளவுன்னு கேப்பாங்க, சாவு எத்தனைன்னு கேப்பாங்க. எப்பத் தூங்கும்னு கேட்டா என்னத்தைச் சொல்றது? ஒண்ணரை மாசந்தானுங்களே, சமாளிச்சுக்கும்னேன். ஒரு கோழி எங்களுக்குப் பக்கத்துல எந்திரிக்கப் பாத்துது. முடியலை. நெஞ்சைத் தரையில போட்டுப் படுத்துட்டு, படுத்த வாக்குலயே தின்னுது. சம்மந்தி அதையே பாத்துட்டு இருந்தாரு. பொறகு, நாங்க இதுவரைக்கும் நல்லாத்தான் இருக்கறமுங்கன்னாரு. என்னையத் தேத்தறாராமா.

இந்துஜா எங்களுக்குப் பின்னாலயே வந்துட்டா. வயித்துல கைய வெச்சுட்டு நிக்கறா. இனி நாட்டுக்கோழியாப் பாத்து வாரா வாரம் நானே கொண்டாந்து தர்றேன் சாமி, அந்தக் கவர் நமக்கு வேண்டாம்னு கெஞ்சினேன். அவ மண்டைய ஆட்டீட்டா.

"எனக்கொண்ணும் தனியாக் கொண்டாந்து தர வேண்டாங்கப்பா. நீங்க இங்க வளத்தறதையேதான் நானு திம்பேன். திங்கற மாதிரி வளத்துங்க."

பெத்த புள்ளைங்க. பெத்த அப்பனுக்கு இப்படி ஒரு கால்கட்டுப் போட்டுட்டுக் காரு ஏறிட்டா.

அதுக்குப் பொறகு நானென்ன பெரிய மகானாவா ஆயிப்போட்டேன்? அதெல்லாம் இல்லீங்க. கொள்கை, கருணை அப்படியெல்லாம் எங்கிட்ட ஒண்ணும் கெடையாது. துளசிமணி எனக்குத் தயிரும் சோறுமாப் போட ஆரம்பிச்சுட்டா. காத்தாலயும் தயிர், மத்தியானமும் தயிர். முட்டைகூட இல்லை. மனுசன் எத்தனை நாளைக்குத் தாங்குவான்? அதனாலதான் செஞ்சேன்.

அடுத்த பேட்ச்சுக்குத் தினகரன்கிட்டச் சொன்னேன், குஞ்சைக் கொஞ்சம் கம்மியா எறக்கு, எடம் பத்தலைன்னு. சிரிச்சான். சளி இல்லாம மருந்து ஊத்த மாட்டேன், ஊத்தினாலும் கடைசி வாரம் ஒரு சொட்டு கெடையாதுன்னேன். சிரிப்பை நிறுத்தீட்டான். எடை கொறைஞ்சா அடுத்த தடவை குஞ்சு வராதுங்கண்ணான்னான். வராட்டிப் போகட்டும்னு சொல்லீட்டு, அவன் வண்டி மறையற வரைக்கும் பாத்துட்டு நின்னேன்.

லைட்டையும் அணைச்சேனுங்க. சாப்பிட்டுட்டுப் போய் சுச்சைத் தட்டினேன். ஷெட்டுன்னா எப்பவும் ஒரு எரைச்சல் இருந்துட்டே இருக்கும், காதுக்குப் பழகிப்போனது. அன்னிக்கு அது அப்படியே அடங்கிப்போச்சு. அத்தனையும் செத்துப்போச்சோன்னு டார்ச்சை எடுத்துட்டு ஓடினேன். ஒண்ணும் சாகலை. ஒண்ணு மேல ஒண்ணு சாஞ்சுட்டுக் கண்ணை மூடிக் கெடக்குது. தூங்குதுங்க. நாள்பூரா அதுகளோட கெடந்தவன், அது தூங்கி அன்னிக்குத்தான் பாக்கறேன். கொஞ்ச நேரம் அங்கயே நின்னேன். எதுக்குன்னு கேக்காதீங்க. சும்மா, காத்தாட.

எடை கொறைஞ்சுதான் போச்சு. கம்பெனிக்காரங்களுக்குக் கோவம். ஷெட்டைக் காயப் போட்டுட்டாங்க, ரண்டு மாசம் குஞ்சே வரலை. நானு பாட்டுக்கு வெறும் ஷெட்டுல போய் உக்காந்துட்டு வருவேன். பொறகு அவங்களாவே கூப்பிட்டாங்க. கோவம் ஒரு பக்கம், ஷெட்டு அவங்களுக்கும் வேணுமில்லீங்க. குஞ்சைக் கொஞ்சம் கம்மியா எறக்கறதுக்கும் ஒத்துக்கிட்டாங்க. நானு பேசின பேச்சு அப்படி. வேற எடம் கெடைக்கலைன்னு தினகரன் சொல்றான், அதெல்லாம் சும்மா.

இதுக்கு நடுவுல இந்துஜா பெத்துப் பொழைச்சு நம்ம வீட்டுல இருந்தா. பேத்திங்க. நல்லா இருக்கறா. மூணு மாசம் முடிஞ்சு கூட்டீட்டுப் போக மாப்பிள்ளை வந்திருந்தாரு. அன்னிக்கு வெடியால இந்துஜா சொல்றா, ஷெட்டுல இருந்து ஒண்ணு புடிங்கப்பான்னு. மருந்தெல்லாம் ஊத்தலைதானேன்னு கேட்டா. ஊத்தலைன்னேன். என்ற கண்ணை நேராப் பாத்தா. பாக்கட்டும், எனக்கென்ன பயம்?

துளசிமணி அடுப்பை உட்டு நகந்துட்டா. நானு செய்யறேனுங்க அத்தைன்னு மாப்பிள்ளையே சமைச்சாரு. எலை போட்டு மொதத் துண்டை இந்துஜா எனக்குத்தான் வெச்சா. நீங்க தின்னுட்டுச் சொல்லுங்க, பொறகு நானு திங்கறேன்னா. ஷெட்டுப் போட்டு இத்தனை வருசத்துல லட்சக்கணக்குல வளத்தி அனுப்பியிருக்கறேன். அதுல ஒரு துண்டு என்ற நாக்குல பட்டது அன்னிக்குத்தான். ருசின்னு சொல்ல ஒண்ணுமில்லைங்க, பஞ்சுதான். ஆனா தொண்டையில நிக்காம எறங்கிச்சு. தின்னு சாமின்னேன். அவளும் தின்னா.

துளசிமணி சமையக்கட்டுக் கதவு நெலவைப் புடிச்சு நின்னுட்டு எங்க ரண்டு பேரையும் பாத்துட்டே இருந்தா. கொஞ்ச நேரங்கழிச்சு வந்து என்ற பக்கத்துல உக்காந்தா. தட்டு எடுக்கலை, எலை போடலை. என்ற எலையில இருந்து ஒரு சின்னத் துண்டைப் பிச்சு வாயில போட்டா. மாப்பிள்ளை கரண்டியோட நிக்கறாரு.

மென்னு முழுங்கீட்டுச் சொன்னா, "உப்புக் கம்மி."

அவ்வளவுதானுங்க. இத்தனை பாடுபட்டவனுக்கு ஒரு நல்ல சொல்லு சொல்லலாமில்லையா? உப்புப் போட்டது மாப்பிள்ளைங்க. அதுக்கு நானென்ன பண்ணுவேன்?